வாய் தவறிக் கொடுத்த ட்ரிக்: புதிய பிரிட்ஜ் டைரக்டருக்கு ஒரு வழிகாட்டி

ரம்மி ஆடுபவர்களுக்குத் தப்பான ஷோவின் விலை தெரியும். சீட்டை விரித்துக் காட்டியாகிவிட்டது, செட் சேரவில்லை, 80 பாயிண்ட். அதற்கு மேல் பேச்சில்லை. மேஜிக்: த கேதரிங் போட்டிகளிலும் ஏறக்குறைய அதே கறார்தான். எந்த ஆட்டக்காரரும் எந்த நேரத்திலும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம், கொடுத்த நொடியே அவர் தோற்றவர் என்கிறது அந்த ஆட்டத்தின் விதி 104.3ஏ. அங்கே நடுவர் முன்னால் வரும் கேள்வி ஒன்றுதான்: விட்டுக்கொடுத்தாரா, இல்லையா? கொடுத்துவிட்டார் என்று முடிவானால், கையில் ஜெயிக்கும் சீட்டு இருந்தது என்று பிறகு புலம்பிப் பயனில்லை.

இந்த இரண்டிலிருந்தும் பிரிட்ஜுக்கு வருபவர் முதலில் திகைப்பது இங்கேதான். பிரிட்ஜில் விட்டுக்கொடுத்த ட்ரிக்கை, அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டு ஒருவர் ஜெயிக்கும் சுற்றை, திரும்ப வாங்கலாம். எப்போதும் அல்ல, கேட்டவுடனும் அல்ல. ஆனால் அந்தச் சீட்டுகளை வைத்து அந்த ட்ரிக்கைத் தோற்கவே முடியாது என்றால், வாய் தவறியதற்காக அதைப் பறிக்கக் கூடாது என்பது சட்டம்.

கிளப்பில் வாரம் ஒருநாள் நடக்கும் டூப்ளிகேட் போட்டிக்கு (எல்லா மேசையும் அதே சீட்டுகளை ஆடி ஒப்பிடும் போட்டி), "இன்னைக்கு நீங்களே டைரக்ட் பண்ணிடுங்களேன்" என்று நடுவர் வேலையை யாரோ உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். ஆடத் தெரியும், ஏலம் தெரியும், சட்டப் புத்தகத்தை மட்டும் திறந்ததில்லை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உலக பிரிட்ஜ் கூட்டமைப்பின் 2017 சட்டத்தில் 93 விதிகள் இருக்கின்றன. இந்த விஷயத்துக்கு 68 முதல் 71 வரை நான்கும், கூடவே 79-ம் போதும். அந்தப் பக்கங்களில் ஒரு சீட்டைச் செருகி வையுங்கள். மனப்பாடமாகச் சொல்லித் தீர்ப்புக் கொடுக்கும் டைரக்டரைவிட, புத்தகத்தைப் பிரித்து வாசிக்கும் டைரக்டரிடம்தான் மேசை சீக்கிரம் அடங்கும்.

முதல் வேலை: ஆட்டம் நின்றிருக்கிறதா என்று பாருங்கள்

"டைரக்டர்!" என்று குரல் வந்ததும் போய் நின்றால், பெரும்பாலும் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கிளெய்ம் செய்தாலோ (மீதி ட்ரிக்கில் இத்தனை எனக்கு என்று ஆடாமலே கேட்டாலோ) விட்டுக்கொடுத்தாலோ அந்த நொடியில் ஆட்டம் நின்றுபோகிறது. யாராவது அதை ஏற்க மறுத்தால் டைரக்டரைக் கூப்பிட வேண்டும், அவர் வரும்வரை எதுவும் செய்யக் கூடாது. டம்மிகூட (ஏலத்தை வென்று ஆடும் டிக்ளேரரின் பார்ட்னர், தன் சீட்டை மேசையில் விரித்திருப்பவர்) மறுக்கலாம். ஆட்டம் ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய டம்மிக்கு இங்கே பேச உரிமை உண்டு. "டம்மி எப்படிப் பேசலாம்?" என்று எதிரணி சீறினால் விதி 68டி-யைக் காட்டுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. 2015-ல் சென்னையில் உலக அணிப் போட்டிகள் நடந்தபோது புழக்கத்தில் இருந்தது 2007 பதிப்பு. அதன்படி கிளெய்முக்குப் பிறகு ஆட்டமே முடிந்தது, தொடர்ந்து போட்ட சீட்டுக்கு மதிப்பில்லை. 2017 பதிப்பு ஒரு வாசலைத் திறந்துவிட்டது: கிளெய்ம் செய்யாத அணி கேட்டுக்கொண்டு, நான்கு பேரும் சம்மதித்தால் தொடர்ந்து ஆடலாம். அப்படி ஆடினால் முன்பு சொன்னது செல்லாது, ஆடி வந்த முடிவுதான் ஸ்கோர். ஆகவே நீங்கள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு ட்ரிக் ஆடியிருந்தால், "நாலு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் ஆடினீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்து: வார்த்தை முதலில், சீட்டு பிறகு

புதிய டைரக்டர்கள் வந்ததும் வராததுமாக, "சீட்டைக் காட்டுங்க" என்று ஆரம்பிப்பார்கள். நான்கு கையும் தெரிந்தபின் தான் சொன்னது என்ன என்பது ஆட்டக்காரரின் நினைவில் தானாகவே மாறிவிடும். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, மனம் அப்படி வேலை செய்கிறது. அதனால் சட்டம் வரிசையை வகுத்திருக்கிறது: சொன்னவர் தன் வார்த்தையைத் திரும்பச் சொல்ல வேண்டும், அடுத்து எதிரணியின் மறுப்பு, அதன் பிறகே தேவையானால் மீதிச் சீட்டுகள் மேசையில் விரிய வேண்டும்.

மேசையில் இது இப்படிப் போகலாம்:

"சார், நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. விளக்கம் வேண்டாம்."

"பத்து, கடைசி ஒண்ணு உங்களுக்குன்னேன்."

"மேடம், உங்களுக்கும் அதுதானே கேட்டுது?"

"அதேதான். சொல்லிட்டு சீட்டை போர்டுக்குள்ள வைக்கப் போயிட்டார்."

(போர்டு என்பது ஒரு ஆட்டத்தின் நான்கு கையையும் வைக்கும் தட்டு, அந்த ஆட்டத்துக்கும் அதே பெயர்.) இருவர் சொல்வதும் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடைபோட்டு முடிவெடுக்க விதி 85 உங்களுக்கு அதிகாரம் தருகிறது. சாட்சிக்காகப் பக்கத்து மேசைக்குப் போக வேண்டாம்.

சீட்டுகள் கலந்துபோயிருந்தாலும் பயப்பட வேண்டாம். பிரிட்ஜின் பெரிய வசதியே ஒவ்வொருவரும் தான் போட்ட சீட்டைத் தன் முன்னாலேயே வரிசையாகக் கவிழ்த்து வைப்பதுதான். ஜெயித்த ட்ரிக் நிமிர்ந்து நிற்கும், தோற்றது படுத்திருக்கும். எத்தனை ட்ரிக் என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்வரை அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. அவசரப்பட்டுக் கலைத்தவர், சந்தேகமான ட்ரிக் தன்னுடையது என்று வாதாடும் உரிமையைப் பணயம் வைக்கிறார் (விதி 65டி). யாருடைய வரிசை இன்னும் குலையாமல் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கி, அச்சிட்ட கைவிவரத் தாளையும் வைத்துக்கொண்டால் கடைசி நாலைந்து சீட்டைத் திரும்பக் கட்டிவிடலாம்.

உண்மையில் விட்டுக்கொடுத்தாரா?

சட்டம் கேட்பது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை. "ஒண்ணு உங்களுக்கு", "ரெண்டு டவுன்" என்று சொன்னால் விட்டுக்கொடுத்தாயிற்று. "பத்து" என்று மட்டும் சொன்னாலும், மீதம் இருக்கும் ட்ரிக்கை அதே வார்த்தையிலேயே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். ஆட்டத்தைக் கைவிட்டு மீதிச் சீட்டை போர்டுக்குள் திணித்தால் மிச்சம் எல்லாம் போயிற்று.

"போச்சுடா", "அய்யோ ராணி அங்கயா", பெருமூச்சு, உச்சுக் கொட்டல் எதுவும் விட்டுக்கொடுத்தல் அல்ல. எண்ணிக்கை இல்லை, கைவிடவும் இல்லை. கை நழுவி விழுந்த சீட்டும் அப்படித்தான். கிளெய்ம் செய்யும் எண்ணம் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தால் அது கிளெய்ம் ஆகாது. ஆனால் நழுவவிட்டவர் டிஃபெண்டர் (டிக்ளேரரின் எதிரணி) என்றால் தண்டனைச் சீட்டு (தெரிந்துவிட்டதால் கட்டுப்பாட்டுக்குள் வரும் சீட்டு) விதிக்குப் போக வேண்டியிருக்கும். அது வேறு கதை.

டிஃபெண்டருக்கு ஒரு தனிப் பாதுகாப்பு உண்டு. அதிகச் சத்தம் கேட்பது இங்கேதான். மூன்று சீட்டு மீதம். கிழக்கு (பிரிட்ஜில் ஆட்டக்காரரை உட்கார்ந்த திசையால் அழைப்பார்கள்) சலித்துப்போய், "எல்லாம் உங்களுக்கே" என்று கையை விரித்துப் போடுகிறார். மேற்கு உடனே, "இருப்பா, என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்கிறார். பார்ட்னர் உடனடியாக மறுத்துவிட்டால் அங்கே விட்டுக்கொடுத்தலே நடக்கவில்லை என்கிறது விதி 68பி. ஆட்டம் தொடரும். கிழக்கு விரித்த சீட்டுகள் தண்டனைச் சீட்டு ஆகாது, அவர் அவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேற்கின் கண் அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டது. டிக்ளேரர் அந்தத் தகவலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மேற்கு பயன்படுத்தக் கூடாது. இதை மேசையிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: "பார்த்ததைப் பார்க்காத மாதிரி ஆடுங்க. முடிஞ்சதும் நான் வந்து பார்க்கிறேன்." முடிந்தபின், கிழக்கின் கையைப் பார்த்திராவிட்டால் மேற்கு அந்தச் சீட்டைத் தேர்ந்தெடுத்திருப்பாரா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்து, டிக்ளேரருக்கு அதனால் நஷ்டமும் ஏற்பட்டிருந்தால் ஸ்கோரைத் திருத்த வேண்டும்.

'உடனே' என்றால் எத்தனை நொடி? சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. பார்ட்னரின் வார்த்தை காதில் விழுந்து, அது புரிந்து, வாய் திறக்க ஆகும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறேன். மேற்கும் தன் சீட்டை மூடிவைத்து, ஸ்கோரைத் தட்டத் தொடங்கியபின் மறுத்தால் அது உடனே அல்ல.

மூன்று அளவுகோல், மூன்றும் வேறு வேறு

சரியான விவரத்தை வாங்கிவிட்டுத் தப்பான தீர்ப்பைக் கொடுக்கும் டைரக்டர்கள் சறுக்குவது இங்கே. கிளெய்முக்கு ஒரு அளவு, விட்டுக்கொடுத்ததற்கு ஒரு அளவு, எதிரணியின் கிளெய்முக்குத் தலையாட்டியவருக்கு ஒரு அளவு.

ஒருவர் ட்ரிக் எனக்கு என்று கேட்டு, எதிரணி மறுத்தால் அது விதி 70. சந்தேகம் எதுவும் கேட்டவருக்கு எதிராகவே தீரும். முதலில் சொல்லாத ஒரு திட்டத்தை இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒருவர் ட்ரிக் உங்களுக்கு என்று கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டால் அது விதி 71. கொடுத்தது கொடுத்ததுதான், இரண்டு சந்தர்ப்பம் தவிர: அந்த ட்ரிக்கை அவர் அணி ஏற்கெனவே ஜெயித்திருந்தால், அல்லது மீதிச் சீட்டை எந்த இயல்பான முறையில் ஆடினாலும் அதைத் தோற்க முடியாது என்றால். 'இயல்பான' என்பதற்குள் கவனக்குறைவான ஆட்டமும் மட்டமான ஆட்டமும் அடங்கும், அந்த ஆட்டக்காரரின் தரத்துக்கு ஏற்றபடி. உடனே "சாரி சாரி" என்றார் என்பதற்காக விதி 71 தனிச் சலுகை எதுவும் தரவில்லை. ஒரு நொடியில் கேட்டாலும் கால் மணி கழித்துக் கேட்டாலும் பரீட்சை ஒன்றே.

எதிரணியின் கிளெய்மை ஏற்றுக்கொண்டு அடுத்த போர்டில் ஏலமும் சொல்லிவிட்ட பிறகு, "அடடா, நமக்கு ஒண்ணு வந்திருக்கணுமே" என்று வருபவருக்கு விதி 69. அவர் அணி அந்த ட்ரிக்கை ஏற்கெனவே ஜெயித்திருந்தாலோ, ஆட்டம் தொடர்ந்திருந்தால் ஜெயித்திருக்க வாய்ப்பு அதிகம் என்றாலோ அது அவருக்கு. உதாரணத்துக்கு, டிக்ளேரர் வெளியில் இருக்கும் கடைசித் துருப்பை மறந்து மீதி எல்லாம் எனக்கு என்கிறார். அப்போதே மறுத்திருந்தால் சந்தேகத்தின் பலன் டிஃபெண்டருக்கு. அடுத்த போர்டில் ஏலம் சொன்னபின் வந்தால், டிக்ளேரர் பெரும்பாலும் அந்தத் துருப்பை நினைவுபடுத்திக்கொண்டு வாங்கியிருப்பாரா என்று பார்க்க வேண்டியிருக்கும். தாமதத்துக்கு அதுதான் விலை.

மூன்று மேசை

ஒப்பந்தம் நான்கு இஸ்பேட் (இஸ்பேட் துருப்பு, பத்து ட்ரிக் வாங்க வேண்டும்). டிக்ளேரர் எட்டு ட்ரிக் வாங்கியிருக்கிறார், எதிரணி இரண்டு. மூன்று சீட்டு மீதம், லீட் (அடுத்த ட்ரிக்கின் முதல் சீட்டைப் போடுவது) டிக்ளேரரின் கையில்: இஸ்பேட் 9, இஸ்பேட் 7, ஆட்டின் ஜாக். எதிரணியிடம் துருப்பே இல்லை. ஆட்டின் ராணி இன்னும் வெளியில் இருப்பதாக நினைத்து, "பத்து, ஒண்ணு உங்களுக்கு" என்கிறார். ராணி நான்காவது ட்ரிக்கிலேயே விழுந்துவிட்டது. மிச்சமுள்ள ஆட்டின் 8-ம் 6-ம் மட்டுமே. இப்போது ஜாக்கை முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் ஜெயிக்கும், வெட்டவும் ஆளில்லை. தோற்க வழியே இல்லாததால் விட்டுக்கொடுத்தது ரத்து. ஸ்கோர் 420 அல்ல, 450 (வல்னரபிள், அதாவது போனஸும் அபராதமும் கூடிய நிலை, இல்லாதபோது). முப்பது பாயிண்ட்தானே என்று நினைக்காதீர்கள். மற்ற மேசைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் மேட்ச்பாயிண்ட் போட்டியில் எல்லா மேசையும் பதினொன்று வாங்கியிருந்தால், பத்து வாங்கியவருக்கு அந்த போர்டில் பூஜ்யம்.

இரண்டாவது மேசை, துருப்பில்லா ஆட்டம். இரண்டு சீட்டு மீதம். டம்மியில் கிளாவர் ஏஸ், ஜாக். டிக்ளேரர் கையில் கிளாவர் 5, 4, லீட் அவருடையது. கிளாவரில் ராணி போய்விட்டது, ராஜா வெளியில். மேற்கிடம் ராஜாவும் 6-ம், கிழக்கிடம் இரண்டு டைமண்ட். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு, மேற்கின் கையைப் பார்த்ததும், "ஃபினெஸ் போட்டா ரெண்டும் வருமே!" என்கிறார். வரும்தான்: 5-ஐப் போட்டு, மேற்கு 6-ஐப் போட்டால் டம்மியின் ஜாக்கால் வெல்வதுதான் ஃபினெஸ். ஆனால் ஏஸை முதலில் ஆடினால் ஜாக் ராஜாவிடம் மாட்டும், அதுவும் இயல்பான ஆட்டமே. தோற்க ஒரு வழி இருப்பதால் கொடுத்தது கொடுத்ததுதான்.

மூன்றாவது மேசையில் அதே டம்மி, அதே கை, அதே வார்த்தை. ஆனால் மேற்கிடம் கிளாவர் ராஜாவும் டைமண்ட் 8-ம், கிழக்கிடம் கிளாவர் 10-ம் ஆட்டின் 9-ம். டிக்ளேரர் எந்தக் கிளாவரை ஆடினாலும் மேற்கு ராஜாவைப் போட்டே ஆக வேண்டும், கையில் வேறு கிளாவர் இல்லை. ஏஸ் அதைப் பிடிக்கும், பிறகு ஜாக் பெரிய சீட்டு. ராஜா விழுந்து கிடக்கும்போது ஏஸை வைத்துக்கொண்டு ஜாக்கைப் போடுவது எந்தத் தரத்து ஆட்டக்காரருக்கும் இயல்பான ஆட்டம் ஆகாது. இரண்டு ட்ரிக்கும் டிக்ளேரருக்கு.

இந்த மேசையில் எதிரணி கொதிக்கும். "ராஜா எங்க இருக்குன்னே தெரியாமத்தானே ஒண்ணு கொடுத்தார்? தெரியாதவருக்கு எதுக்கு இனாம்?" நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். பதில்: விதி 71 ஆட்டக்காரருக்கு என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை, சீட்டு என்ன செய்திருக்கும் என்றுதான் கேட்கிறது. ஆடியிருந்தால் அவர் ஒன்றும் யோசிக்காமலே இரண்டையும் வாங்கியிருப்பார். இரண்டாவது மேசையில் அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க வேண்டிய இடத்தில் அவருக்காக டைரக்டர் யோசித்துக் கொடுப்பதில்லை. எனக்குப் பிரிட்ஜ் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இது. இரக்கத்துக்கும் இடமில்லை, பழிவாங்கலுக்கும் இடமில்லை.

எவ்வளவு நேரம் வரை கேட்கலாம்

திருத்தக் காலம் முடியும்வரை. அதிகாரபூர்வ ஸ்கோர் பார்வைக்கு வந்ததிலிருந்து 30 நிமிடம் என்பது விதி 79சி. போட்டி நடத்துபவர்கள் முன்கூட்டியே வேறு நேரம் அறிவித்திருந்தால் அது. 9:10-க்கு ஸ்கோர் ஒட்டினால் 9:40. ஒட்டிய நேரத்தைத் தாளின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்து காபியோடு கைவிவரத் தாளைப் புரட்டும்போதுதான், "பதினேழாவது போர்டுல அந்த ஜாக் பெரிசாச்சே" என்று ஞானம் வரும். நேரம் எழுதியிருந்தால் அந்தப் பேச்சு வாக்குவாதமாகாது.

எதிரணிக்கும் ஒரு கடமை

பலருக்குத் தெரியாத விதி 79ஏ: தன் அணி ஜெயிக்காத ட்ரிக்கையோ, எதிரணி தோற்கவே முடியாத ட்ரிக்கை அவர்கள் விட்டுக்கொடுப்பதையோ, தெரிந்தே ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதாவது முதல் மேசையில் கையில் ஆட்டின் 8-ம் 6-ம் வைத்திருப்பவர், ராணி போனது நினைவிருந்தும் சும்மா தலையாட்டினால் தவறு அவருடையது. தன் அணியின் விதிமீறலைத் தானே முன்வந்து சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லாத ஆட்டத்தில், இது போன்ற சில இடங்களில் மட்டும் சட்டம் கறாராக நிற்கிறது. 'தெரிந்தே' என்ற வார்த்தைதான் முக்கியம். எதிரணியும் எண்ணிக்கை தவறவிட்டிருக்கலாம், பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். நிரூபிக்க முடியாததை மேசையில் நின்று குற்றமாகச் சொல்லாதீர்கள்.

தீர்ப்பைச் சொல்லும்போது

எந்த விதி, என்ன கேள்வி, என்ன விடை என்று மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். "விதி 71. இந்த ட்ரிக்கை இயல்பா ஆடித் தோற்க வழி இருக்கா? இல்லை. பதினொன்று." நாற்பது வருடமாக ஆடும் பெரியவர் எதிரில் உட்கார்ந்து, "நான் பார்க்காததா தம்பி?" என்றால் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வையுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். 'இயல்பான ஆட்டம்' எது என்பதில் குழப்பமாக இருந்தால் தீர்ப்பை நிறுத்திவைத்து, அதே தரத்தில் ஆடும், இந்த போர்டை ஏற்கெனவே முடித்துவிட்ட இரண்டொருவரிடம் கையை மட்டும் காட்டி, எந்தச் சீட்டைப் போடுவீர்கள் என்று கேளுங்கள். யாருடைய மேசை என்று சொல்லாதீர்கள்.

ஒப்புக்கொள்ளாதவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு (விதி 92), அதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்குப் போகுமுன் நீங்களே புத்தகத்தைப் புரட்டி, கொடுத்த தீர்ப்பு தவறு என்று கண்டால் விதி 82-ன்படி திருத்த வேண்டும். டைரக்டரின் தவறால் ஸ்கோரைச் சரிக்கட்டும்போது இரு அணியும் தவறு செய்யாத அணியாகவே கருதப்படும். போர்டு எண், ஒப்பந்தம், சொன்ன வார்த்தை, மீதமிருந்த சீட்டுகள் ஆகிய நான்கையும் அந்த மேசையை விட்டு நகருமுன்னே ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீடு வந்தால் குழு முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.